காவல்காரனுக்கும் எல்லை உண்டு

காய்ச்சல் மாத்திரை இல்லாத வீடு இன்று உண்டா?

அஞ்சறைப் பெட்டியில் மிளகு தீர்ந்து போயிருக்கலாம். ஆனால் அலமாரியில் ஓர் அட்டை பாரசிட்டமால் கட்டாயம் இருக்கும். தலைவலியா? ஒரு மாத்திரை. கை கால் வலியா? ஒரு மாத்திரை. குழந்தைக்கு உடம்பு சுடுகிறதா? ஒரு மூடி மருந்து.

இது நல்ல மருந்து. அளவோடு சாப்பிட்டால் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் உதவும் மருந்து. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. அந்த மாத்திரை வயிற்றுக்குள் போன பிறகு என்ன ஆகிறது? காய்ச்சலைத் தணித்துவிட்டு அது எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், நம் உடம்புக்குள் இரவும் பகலும் உழைக்கும் ஒரு காவல்காரனைக் காணலாம். அவன் பலம் எவ்வளவு, அது எங்கே தீரும் என்பதையும் காணலாம். அது தெரியாமல் உயிரை இழந்தவர்கள் உண்டு. தெரிந்த டாக்டர்களால் உயிர் பிழைத்தவர்கள் அதைவிட அதிகம்.

யார் அந்தக் காவல்காரன்?

நம் உடம்பு கோடிக் கணக்கான உயிரணுக்களால் ஆனது. செங்கல் செங்கல்லாக வீடு கட்டுவது போல, உயிரணு உயிரணுவாக உடம்பு கட்டப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரணு ஒவ்வொன்றும் ஒரு சமையலறை போன்றது. நாம் சாப்பிடும் உணவை எரித்து அது சக்தி உண்டாக்குகிறது.

அடுப்பு எரிந்தால் கரி பிடிக்கும் அல்லவா? உயிரணுவிலும் அப்படித்தான். சக்தி பிறக்கும்போதே கெடுதல் செய்யும் சில கழிவுகளும் பிறக்கின்றன. இவை போதாதென்று, வெளியிலிருந்தும் விஷம் வருகிறது. புகை, சாராயம், மருந்து, பூச்சி கொல்லி, இப்படிப் பல.

இவற்றை எல்லாம் எதிர்த்து நிற்கும் காவல்காரனின் பெயர் குளுட்டாதயோன்.

பெயர் கடினமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பொருள் எளியதுதான். மூன்று சிறு துண்டுகள் சேர்ந்த ஒரு ரசாயனப் பொருள் இது. குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்பவை அந்த மூன்று துண்டுகள். மூன்றும் நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, மீன், பால் முதலியவற்றில் உள்ள புரதத்திலிருந்து கிடைக்கின்றன. இந்த மூன்றையும் இணைத்து, உயிரணு தனக்கு வேண்டிய குளுட்டாதயோனைத் தானே தயாரித்துக் கொள்கிறது.

மூன்றில் முக்கியமானது சிஸ்டீன். அதில் கந்தகம் இருக்கிறது. விஷத்தைப் பிடிக்கும் கை அந்தக் கந்தகம்தான். ஆனால் மூன்றில் அதிகம் கிடைக்காததும் அதுவே. சிஸ்டீன் எவ்வளவு இருக்கிறதோ, பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் குளுட்டாதயோன் தயாராகும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் ஓர் உயிரைக் காப்பாற்றப் போவது இந்தச் சிறு விஷயம்தான்.

கண்டுபிடித்த கதை

1888-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ரே-பெயாட் என்பவர் இந்தப் பொருளை ஈஸ்டில் கண்டார். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். கந்தகத்துடன் சேரும் குணம் அதற்கு இருந்ததால், கந்தகத்தை விரும்பும் பொருள் என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்தார்.

பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1921-ல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பிரெடரிக் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியர் அதைத் தனியே பிரித்து எடுத்தார். குளுட்டாதயோன் என்ற பெயர் அவர் கொடுத்ததுதான். அதில் இரண்டு துண்டுகளே உள்ளன என்று முதலில் அவர் சொன்னார். வேறு விஞ்ஞானிகள் சந்தேகம் கிளப்பினார்கள். ஹாப்கின்ஸ் கோபித்துக் கொள்ளவில்லை. மறுபடி ஆராய்ந்தார். 1929-ல் இரண்டு அல்ல, மூன்று என்று தாமே திருத்தி எழுதினார். அதே ஆண்டில், வைட்டமின் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

பெரியவர்கள் தவறைத் திருத்திக் கொள்ள வெட்கப்படுவதில்லை.

ஈரலில் நடப்பது என்ன?

உடம்பில் குளுட்டாதயோன் மிக அதிகமாகத் தயாராகும் இடம் கல்லீரல். வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. சாப்பிட்டது எதுவானாலும், விழுங்கிய மருந்து எதுவானாலும், ரத்தத்தில் கலந்ததும் முதலில் வந்து சேரும் சுங்கச் சாவடி அது.

பாரசிட்டமாலும் அங்கே வருகிறது. ஈரல் என்ன செய்கிறது? மருந்தின் பெரும் பகுதியை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போல, கெடுதல் இல்லாத வேறு பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியே அனுப்பிவிடுகிறது. அந்தப் பகுதியால் தொல்லை இல்லை.

மீதி உள்ள சிறு பகுதிதான் விஷயம். ஈரல் அதை மாற்றும்போது அது கொடிய விஷமாகிவிடுகிறது. விழுங்கிய மருந்தைவிட, ஈரலில் பிறக்கும் இந்தப் பிள்ளை பொல்லாதது. கையில் அகப்பட்ட புரதத்தை எல்லாம் பற்றிக் கொண்டு, உயிரணுவைக் கொல்லப் பார்க்கும்.

உடனே குளுட்டாதயோன் பாய்கிறது. விஷத்தைப் பிடிக்கிறது. பிடித்த கையோடு அதனுடன் ஒட்டிக் கொள்கிறது. இரண்டும் ஒன்றாகிச் சிறுநீரில் வெளியேறுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருடனைப் பிடித்த காவல்காரன் அவனைச் சிறையில் தள்ளிவிட்டுத் திரும்பி வருவதில்லை. தன் கையையும் திருடன் கையையும் ஒரே விலங்கில் பூட்டிக் கொண்டு, அவனோடு வெளியே போய்விடுகிறான். ஒரு திருடனுக்கு ஒரு காவல்காரன் செலவு.

ஒன்றிரண்டு மாத்திரை சாப்பிட்டால் திருடர்கள் கொஞ்சம். காவல்காரர்கள் நிறைய. போனவர்களுக்குப் பதில் புதியவர்களை ஈரல் தயாரித்துவிடுகிறது. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

அளவு மீறினால்? திருடர்கள் கூட்டமாக வருகிறார்கள். காவல்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். புது ஆள் சேர்க்கச் சிஸ்டீன் போதவில்லை. காவல் காலியாகிறது. பிறகு ஈரலின் உயிரணுக்கள் வரிசையாக மடிகின்றன.

1966 முதல் 1979 வரை

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பாரசிட்டமால் 19-ம் நூற்றாண்டிலேயே தயாரிக்கப்பட்ட பொருள். ஆனால் வெகு காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1948-ல் அமெரிக்காவில் பெர்னார்டு பிராடி, ஜூலியஸ் ஆக்சல்ராடு என்ற இருவர், வேறொரு பழைய காய்ச்சல் மருந்தை ஆராய்ந்தார்கள். அந்த மருந்து உடம்பில் பாரசிட்டமாலாக மாறித்தான் வலியைத் தணிக்கிறது என்று காட்டினார்கள். அதன் பிறகே பாரசிட்டமாலுக்கு நல்ல காலம் பிறந்தது. 1950-களில் அது கடைகளுக்கு வந்தது.

1966-ல் பிரிட்டனில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. அளவுக்கு மிஞ்சிப் பாரசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் அழுகி மரணம் நேர்ந்ததை அங்குள்ள டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். ஆனால் காரணம் புரியவில்லை.

1973-ல் காரணம் தெரிந்தது. அமெரிக்க சர்க்காரின் தேசிய ஆராய்ச்சி நிலையத்தில், ஜெர்ரி மிட்செல், டேவிட் ஜாலோ முதலியவர்கள் சுண்டெலிகளுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் உள்ள குளுட்டாதயோன் பத்தில் ஏழு பங்கு செலவாகும் வரை பெரிய கெடுதல் இல்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் ஈரல் சாகத் தொடங்கியது. முன்கூட்டியே குளுட்டாதயோனைக் குறைத்துவிட்ட எலிகளுக்கு, அதே அளவு மருந்து அதிகக் கெடுதல் செய்தது. சிஸ்டீன் கொடுத்த எலிகளுக்கோ பாதுகாப்பு கிடைத்தது.

இந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 1948-ல் பாரசிட்டமாலின் நன்மையைக் காட்டிய அதே பெர்னார்டு பிராடிதான். தாம் உலகுக்குக் காட்டிய மருந்தின் தீமையையும் அவர் மறைக்கவில்லை.

விஷம் எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால், முறிக்கும் வழியும் தெரியும். காவல்காரர்கள் தீர்ந்து போனார்களா? புதியவர்களைச் சேர்க்கச் சாமான் கொடு! இதுதான் யோசனை.

குளுட்டாதயோனையே நேராகக் கொடுத்தால் அது உயிரணுவுக்குள் எளிதில் நுழையாது. எனவே சிஸ்டீனை வேறு உருவத்தில் கொடுக்க நினைத்தார்கள். அதற்கு ஏற்ற பொருள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் இருந்தது. 1960-களில் நெஞ்சுச் சளியை இளக்குவதற்காக வந்த அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து அது. ஈரலுக்குள் போனதும் அது சிஸ்டீனாகிறது. சிஸ்டீன் குளுட்டாதயோனாகிறது. காலியான காவல் மறுபடி நிரம்புகிறது.

ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் டாக்டர் லாரி பிரெஸ்காட் இதை நோயாளிகளுக்கு ஊசி மூலம் கொடுத்தார். 1979-ல் நூறு பேரின் கணக்கை வெளியிட்டார். மாத்திரை சாப்பிட்ட பத்து மணி நேரத்துக்குள் இந்த மருந்து பெற்றவர்கள் 62 பேர். அவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் ஈரல் கடுமையாகக் கெட்டது. இந்த மருந்து இல்லாமல் சாதாரண சிகிச்சை மட்டும் பெற்ற பழைய நோயாளிகள் 57 பேரில், 33 பேருக்கு ஈரல் கெட்டிருந்தது.

எட்டு மணி நேரத்துக்குள் மருந்து ஏறினால் ஈரல் அநேகமாக முழுதும் தப்பும் என்று அவர் கண்டார். நேரம் போகப் போகப் பலன் குறைந்தது. தாமதமாக வந்தவர்களுக்கும் இந்த மருந்து ஓரளவு உதவும் என்று பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. அதனால் இன்று யாரையும் டாக்டர்கள் கைவிடுவதில்லை. ஆனால் முதல் எட்டு மணிக்கு ஈடு வேறு இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்று அசிட்டைல்சிஸ்டீன் இருக்கிறது.

ஏமாற்றும் முதல் நாள்

இங்கேதான் பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது.

அளவு மீறி மருந்து சாப்பிட்டவர் உடனே மயங்கி விழுவதில்லை. முதல் நாள் கொஞ்சம் குமட்டும், வாந்தி வரும். சிலருக்கு அதுவும் இராது. எழுந்து நடப்பார், பேசுவார். வீட்டார், "ஒன்றும் இல்லை, நல்ல வேளை!" என்று நிம்மதி அடைவார்கள்.

அந்த நிம்மதிதான் எமன். உள்ளே காவல்காரர்கள் தீர்ந்து கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் நாள் வலது விலாவின் கீழே வலி. மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகும், புத்தி தடுமாறும், ரத்தம் உறையாது. அப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடினால், பொன்னான மணி நேரங்கள் போய்விட்டிருக்கும்.

ஆகவே வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அளவு மீறியது தெரிந்த உடனே போக வேண்டும். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து, மாற்று மருந்து வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சாப்பிட்ட நேரத்தைச் சொல்லுங்கள். வண்டி இல்லையானால் 108-க்கு போன் செய்யுங்கள்.

மேல் நாடுகளில் திடீரென்று ஈரல் செயலற்றுப் போவதற்கு முதல் காரணம் பாரசிட்டமால்தான். நம் நாட்டில் முதல் காரணம் காமாலைக் கிருமிகள். ஆகையால் நாம் பீதி அடைய வேண்டியதில்லை. ஆனால் அலமாரியில் அட்டை இருக்கும்போது அலட்சியமும் கூடாது.

தெரியாமல் ஏறும் கணக்கு

"நாங்கள் ஏன் அளவை மீறப் போகிறோம்?" என்று கேட்பீர்கள். வேண்டும் என்று மீறுவதில்லை. தெரியாமல் மீறுகிறோம்.

நல்ல உடல் நிலையில் உள்ள பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் மேல் எல்லை. அது எல்லையே தவிர, அவ்வளவும் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம் அல்ல.

ஒரு குடும்பத் தலைவருக்குக் காய்ச்சலோடு சளியும் பிடித்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 650 மில்லிகிராம் மாத்திரை நாலு வேளை சாப்பிடுகிறார். 2,600 ஆயிற்று. சளிக்கென்று வேறு மாத்திரை மூன்று வேளை. அதிலும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. 1,500 சேர்ந்தது. மொத்தம் 4,100. எல்லை தாண்டிவிட்டது! இன்னும் மூட்டு வலி மாத்திரை இரண்டு. அதில் 325 வீதம் 650. மொத்தம் 4,750. மூன்று அட்டைகளுக்கும் மூன்று பெயர். உள்ளே இருப்பது ஒன்றே.

குழந்தைகளுக்கு இன்னும் கவனம் தேவை. ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்துக் கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 வரை. கடையில் கிடைக்கும் ஒரு வகை மருந்தில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும். இன்னொரு வகையில் அதே 5 மில்லிக்கு 250 இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லிக்கே 100 இருக்கும். சொட்டு மருந்தை ஐந்து மில்லி மூடியில் ஊற்றிக் கொடுத்தால்? 500 மில்லிகிராம்! நாலு வேளை மருந்து ஒரே வேளையில் போய்விடும்.

இன்னொன்றும் நடக்கிறது. குழந்தை அழுகிறதே என்று அம்மா ஒரு மூடி கொடுக்கிறாள். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பாட்டி ஒரு மூடி கொடுக்கிறாள். வேலையிலிருந்து வந்த அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு மூடி கொடுக்கிறார். மூவருக்கும் பாசம். மூவரும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

தினமும் குடிப்பவர்கள், பல நாள் சரியாகச் சாப்பிடாமல் நோயில் படுத்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு எல்லை இன்னும் குறைவு. அவர்கள் ஈரலில் காவல்காரர்களே கொஞ்சம். டாக்டரைக் கேட்காமல் அவர்கள் தாமே மருந்து சாப்பிடக் கூடாது.

பெட்டியில் உள்ள உருண்டை

ஈரல் மட்டும் அல்ல, ரத்தச் சிவப்பணுக்களும் குளுட்டாதயோனை நம்பி வாழ்கின்றன. அங்கே வேலை வேறு விதம். காவல்காரன் வெளியே போவதில்லை. விஷக் கழிவோடு மோதிக் களைத்து விழுகிறான். அவனை எழுப்பி மறுபடி காவலுக்கு அனுப்ப ஒரு நொதி வேண்டும்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. இது தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது. 1956-ல் அமெரிக்காவில் சிக்காகோ விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். பிரைமாகுவின் என்ற மலேரியா மருந்தைச் சாப்பிட்ட சிலருக்கு மட்டும் ரத்தம் உடைவது ஏன் என்று ஆராய்ந்தபோது இது தெரிய வந்தது.

மலேரியா மருந்து நமக்கு எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டைக்கும் அந்தக் குணம் உண்டு. அந்துருண்டை என்றும் சொல்வார்கள். நொதிக் குறைவு உள்ள குழந்தை அதை மிட்டாய் என்று விழுங்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, உடம்பு மஞ்சளாகி, உயிருக்கே ஆபத்து வரலாம். அந்த உருண்டையோடு வெகு நாள் கிடந்த துணியில் பச்சைக் குழந்தையைச் சுற்றினாலும் கெடுதல் வரலாம். துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகே உபயோகிக்க வேண்டும்.

வெள்ளை நிறத்துக்கு அல்ல

குளுட்டாதயோன் என்ற பெயரைச் சிலர் வேறு இடத்தில் கேட்டிருப்பார்கள். நிறம் வெளுக்க ஊசி என்று விளம்பரம் வருகிறது. பெண்ணைப் பெற்றவர்கள் அதற்குப் பணம் கொட்டுகிறார்கள்.

இது வேண்டாத வேலை. பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்து நிர்வாகம் 2011-லேயே இந்த ஊசியைப் பற்றி எச்சரிக்கை விட்டது. தோல் கொப்பளித்து உரியும் கடும் நோய், சிறுநீரகக் கோளாறு முதலிய அபாயங்களை அது எடுத்துச் சொன்னது. உயிரைக் காக்க உடம்பு தயாரிக்கும் பொருள் நிறத்தை விற்கும் பொருள் அல்ல. நம் பெண்களின் நிறத்தில் குறை ஒன்றும் இல்லை. குறை பார்க்கிற கண்ணில்தான் இருக்கிறது.

காவல் பலமாக இருக்க வேண்டுமா? பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் முடிந்ததை வயிறாரச் சாப்பிடுங்கள். குடியை விடுங்கள். உடம்பு தன் காவலைத் தானே தயாரித்துக் கொள்ளும்.

நாம் கேட்பது

இதில் சர்க்காருக்கும் கடமை உண்டு. மருந்துக் கம்பெனிகளுக்கும் கடமை உண்டு.

பிரிட்டன் 1998-ல் ஒரு சட்டம் செய்தது. மருந்துக் கடையில் ஒரு பெட்டிக்கு 32 மாத்திரை, மற்றக் கடைகளில் 16 மாத்திரைதான் என்று கட்டுப்படுத்தியது. அடுத்த பதினோரு ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாரசிட்டமாலால் நேர்ந்த சாவுகள், எதிர்பார்த்ததைவிட நூற்றுக்கு 43 குறைந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். சிறிய சட்டம், பெரிய பலன். துயரம் ஒரு நாழிகை ஆட்டிவைக்கும். அந்த நாழிகையைக் கடந்துவிட்டால் வாழ்வு உண்டு. மனம் தாங்காதவர்கள் 14416 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் பேசலாம். வீட்டில் உள்ளவர்கள் அவர்களைத் தனியே விடாமல் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நம் கடைகளில் விற்கும் அட்டைகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலம். அதுவும் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. பாடுபட்டுத் தமிழ் எழுத்துக் கற்றுக் கொண்ட ஒரு தாய், தன் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தின் பெயரைப் படிக்க முடியவில்லை என்றால் அவள் படித்து என்ன பயன்? மருந்தின் பெயர், அளவு, ஒரு நாளின் எல்லை மூன்றையும் தமிழில், தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும். சினிமா விளம்பரத்துக்குத் தமிழ் கிடைக்கிறது. உயிர் காக்கும் எச்சரிக்கைக்குக் கிடைக்காதா?

அது நடக்கும் வரை நாமே செய்யக் கூடியது உண்டு. மருந்து வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இதில் பாரசிட்டமால் எவ்வளவு இருக்கிறது?" அவர் சொல்வதைப் பேனாவால் அட்டையின் மேல் தமிழில் எழுதி வையுங்கள். அசிட்டமினோபன் என்று சொன்னாலும் அதே மருந்துதான்.

வீட்டில் காய்ச்சல் என்றால், காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் கொடுத்தது. அடுத்தவர் அதைப் பார்த்த பிறகே மருந்துப் புட்டியைத் தொட வேண்டும். மருந்தோடு வந்த அளவு மூடியை மட்டும் உபயோகியுங்கள். கரண்டி வேண்டாம். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நாலு முதல் ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். புட்டியையும் பாச்சை உருண்டையையும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தக் கணக்கை அவனிடமோ அவளிடமோ ஒப்படையுங்கள். கூட்டல் கணக்கு படித்த குழந்தைக்கு இதைவிட நல்ல வீட்டுப் பாடம் கிடையாது.

உடம்புக்குள் இருக்கும் காவல்காரன் சம்பளம் கேட்பதில்லை. தூங்குவதில்லை. நாம் பிறந்த நாள் முதல் நமக்காகத் தன்னைச் செலவழித்துக் கொண்டிருக்கிறான். அவனால் தாங்கக் கூடிய பாரம் இவ்வளவுதான் என்று விஞ்ஞானிகள் அளந்து சொல்லிவிட்டார்கள்.

அந்த அளவை நினைவில் வைப்பது நம் பொறுப்பு. இன்றைக்கே அலமாரியைத் திறந்து, அட்டைகளை எடுத்துப் பாருங்கள்.